குளிர்ந்த நீர் இல்லாத நாடு

என் பாட்டிக்குப் பட்டாணியர் என்றால் ஈட்டிக்காரன். தொளதொளப்பான கால்சட்டை, தலைப்பாகை, கையில் கம்பு. வட்டியை எண்ணி வாங்காமல் வாசலை விட்டு நகராதவன். கடன்காரன் விடாமல் வந்து நின்றால் எங்கள் பக்கத்தில் இன்றும் ‘ஈட்டிக்காரன் மாதிரி நிற்கிறான்’ என்றுதான் சொல்வார்கள். அந்த இனத்தைப் பற்றி அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டுதான் நான் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனேன்.

ஷார்ஜாவில் அறை, துபாயில் அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாலையில் மாலை வேளையில் சிக்கியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அப்படியொரு மாலையில் டாக்சி ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “மலபாரியா?” என்றார். “இல்லை, மதராஸி” என்றேன். “எல்லாம் ஒன்றுதான்” என்றார். பதிலுக்கு நான், “நீங்கள் பஞ்சாபியா?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். “பக்தூன்! பெஷாவர்!” பாட்டியின் பட்டாணியர்தான்; பஷ்தூன் என்றும் சொல்வார்கள், பேசும் மொழி பஷ்தோ. அதன் பிறகு இருவரும் சமாதானமாகிவிட்டோம்.

வண்டி நகரவில்லை. அவர் வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். ரஹ்மான் பாபா என்றார். பொருள் கேட்டேன். அந்தப் பாட்டை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். எனக்குப் புரியக்கூடியது அதுதான் என்று நினைத்திருக்க வேண்டும். இந்தியில் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார். கொடுங்கோல் ஆட்சியாளர்களின் புண்ணியத்தில் கல்லறை, நெருப்பு, பெஷாவர், மூன்றும் ஒன்றே. பஷ்தோவில் அது கோர், ஓர், பெக்காவர். மூன்று சொற்களும் ஒரே ஓசையில் போய் மோதுவதைக் கேட்க மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

“இவர் எந்தக் காலத்து ஆள்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் தெரியாது. பாபா. ஆனால் பெஷாவரைச் சரியாகத் தெரிந்தவர்.”

ரஹ்மான் பாபா ஔரங்கசீப் காலத்தவர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஷாவரை ஒட்டிய சிற்றூரில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மொஹ்மந்த் குலத்து ஏழை. எந்த அவையிலும் நின்று பாடியவர் இல்லை. ‘பூக்களை விதை, உன்னைச் சுற்றித் தோட்டமாகும், முள்ளை விதைக்காதே, உன் காலில்தான் குத்தும்’ என்ற அவருடைய ஈரடி பஷ்தோ பேசும் வீடுகளில் பழமொழியாகவே புழங்குகிறது. ஹசார்க்வானியில் உள்ள அவர் அடக்கத்தலத்தை 2009 மார்ச்சில் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். 2012இல் திரும்பக் கட்டினார்கள்.

அந்த டாக்சியில் தொற்றிக்கொண்ட கிறுக்கு பல ஆண்டுகளாக என்னை விடவில்லை. படிக்கப் படிக்க ஒரு கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. வட இந்தியாவைப் பல தலைமுறை ஆண்ட இனம் இது. லோதிகள் 1451 முதல் 1526 வரை தில்லியில் இருந்தார்கள். சூர் வம்சம் 1540 முதல் 1555 வரை. பிறகு காந்தஹாரில் ஹோத்தகிகள், துரானிகள். இத்தனை அரியணைகள் இருந்தும் பஷ்தோவுக்கு ஓர் அரசவை ஏன் வாய்க்கவில்லை? சிக்கந்தர் லோதி கவிஞன்தான். ஆனால் ‘குல்ருக்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு பாரசீகத்தில் எழுதினான். துரானிப் பேரரசின் இரண்டாம் மன்னன் தைமூர் ஷா எழுதியது பாரசீகத்தில். கோஹினூரைப் பறிகொடுத்த ஷா ஷுஜா எழுதியதும் பாரசீகத்தில். உத்தரவும் கணக்கும் வரலாறும் கவிதையும் பாரசீகம். பஷ்தோ அடுப்படியில், குதிரை லாயத்தில், மலைப்பாதையில்.

என் எண்ணம் இதுதான்: பஷ்தூன் ஆட்சியாளன் பஷ்தோவில் எழுதும்போது அவன் அரியணையில் இல்லை. ஒன்று, சிறையில் இருக்கிறான். அல்லது படையெடுத்துப் போன இடத்தில் வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிறான். அல்லது எல்லாம் தோற்று மலையில் அலைகிறான். எழுதியவர்களில் மிகப் பெரியவன் மூன்று நிலையையும் பார்த்துவிட்டான்.

குஷால் கான் கட்டக், 1613இல் பிறந்தவன். பெஷாவருக்குக் கிழக்கே காபூல் ஆற்றங்கரையில் அகோரா என்ற ஊர். அது அவன் கொள்ளுத்தாத்தா மலிக் அகோரின் பெயரில் அமைந்தது. அட்டக்கிலிருந்து பெஷாவர் போகும் பேரரசுச் சாலையைக் காவல் காக்கும் பொறுப்பை அக்பர் அந்தக் கிழவரிடம் கொடுத்தார். காவலுக்குக் கூலி, போவோர் வருவோரிடம் வாங்கும் சுங்கம். நான்கு தலைமுறை அந்தச் சாலையில் சாப்பிட்டது. 1641இல் அப்பா ஷாபாஸ் கான் யூசுப்சாய் என்ற இன்னொரு பஷ்தூன் குலத்தாரோடு நடந்த சண்டையில் இறந்தார்; குஷால் கட்டக் குலத்துக்குத் தலைவனானான். ஷாஜகானுக்காகப் போர் செய்தான், பதவியும் பெற்றான். அதுவரை அவன் முழு முகலாய விசுவாசி. புரட்சிக்காரனாகப் பிறந்தவன் போலச் சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

1664இல் அவனைப் பெஷாவருக்கு வரவழைத்துக் காலில் விலங்கு மாட்டினார்கள். சுங்க வருமானத்தில் ஔரங்கசீப் கை வைத்ததும், சொந்தச் சித்தப்பன்மார்களின் கோள்மூட்டலும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தில்லிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ராஜஸ்தானத்தில் உள்ள ரண்தம்போர் கோட்டைக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கோட்டைக்கு நான் போயிருக்கிறேன். போனது குஷாலுக்காக இல்லை. எல்லாரையும் போலப் புலி பார்க்கப் போனேன். இரண்டு நாள் ஜீப்பில் தூசி தின்றேன், புலி வரவில்லை. மூன்றாம் நாள் ரயிலுக்கு நேரம் இருந்ததால் கோட்டைப் படி ஏறினேன். படியெல்லாம் மந்தி. யாத்திரிகர் கையில் உள்ள பையைக் குறிபார்த்து உட்கார்ந்திருக்கும் கருமுக மந்திகள். மேலே 32 தூண் மண்டபம், கீழே காட்டுக்குள் ஏரி. கோட்டைக்குள்ளே மூன்று கண் பிள்ளையார் கோயில். அந்தப் பிள்ளையாருக்கு நாடெங்கிலும் இருந்து கல்யாணப் பத்திரிகைகள் தபாலில் வருகின்றன. முதல் அழைப்பு அவருக்குத்தான் போக வேண்டும் என்பது வழக்கம். மஞ்சள் தடவிய உறைகள் கட்டுக்கட்டாகக் கிடந்ததைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து தெய்வத்துக்குத் தபால் வரும் கோட்டை அது ஒன்றுதான்.

திரும்பி வந்த பிறகுதான் குஷாலின் சிறை அதுவென்று தெரிந்து தலையில் அடித்துக்கொண்டேன். அங்கிருந்துதான் அவன் ஊருக்குத் தபால் எழுதினான், காற்றின் வழியாக. ‘இளங்காற்றே, கைராபாத் பக்கம் போனால், சராய் ஆற்றங்கரையில் நடந்தால், என் வணக்கத்தைச் சொல். அபாசிந்திடம் உரக்கக் கூவு, லண்டை ஆற்றிடம் மெதுவாகச் சொல்.’ அபாசிந்து என்பது சிந்து நதி, கரைபுரண்டு இரைந்து ஓடுவது. அதனிடம் கத்தினால்தான் காது கேட்கும். லண்டை என்பது காபூல் ஆறு, அவன் வீட்டு வாசலில் ஓடுவது. அதனிடம் முணுமுணுத்தால் போதும். ‘உங்கள் தண்ணீர் ஒரு கிண்ணம் எனக்கு இன்னொரு முறை கிடைக்காதா? கங்கை யமுனைக் கரையிலேயே நான் இருந்துவிடப் போவதில்லை.’ அதே கவிதையில் இந்துஸ்தானத்தின் மீது காறித் துப்புகிறான்: எல்லாச் செல்வமும் நிறைந்த நாடுதான், மலையின் குளிர்ந்த நீர் மட்டும் இல்லையே!

அரசியல் கைதியின் புகாரில் தண்ணீர் முதலில் வருகிறது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ரண்தம்போரில் மே மாதம் படி ஏறியவன் என்ற முறையில் அதில் மிகையில்லை என்று உறுதி சொல்வேன்.

‘பிராக்நாமா’ என்ற பிரிவுப் பாடலும் அந்தச் சிறையில் எழுதியதுதான். 1665இல் எழுதிய ‘தஸ்தார்நாமா’ என்ற உரைநடை நூலும் அப்படியே. தலைப்பாகை கட்டத் தகுதியுள்ளவனுக்கு, அதாவது தலைவனுக்கு, 20 கலைகளும் 20 குணங்களும் வேண்டும் என்று பட்டியல் போடுகிறான். வில்வித்தை, குதிரையேற்றம் இருப்பதில் வியப்பில்லை. நீச்சல் இருக்கிறது, சதுரங்கம் இருக்கிறது, இசை, ஓவியம், உழவு, வியாபாரம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் இருக்கின்றன. ‘தலைப்பாகை கட்டுபவர்கள் ஆயிரம், தலைப்பாகைக்கு உரியவர்களை விரல்விட்டு எண்ணலாம்’ என்கிறான். பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவன் எழுதியதை மட்டும் மனதில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

1660களின் இறுதியில்தான் ஊர் திரும்ப விட்டார்கள். 1672இல் கைபர் கணவாயில் அய்மல் கான் மொஹ்மந்தும் தர்யா கான் அப்ரீதியும் முகலாயப் படை ஒன்றைத் துடைத்துப் போட்டபோது, குஷால் அவர்களோடு சேர்ந்துகொண்டான். ‘ஆப்கானியரின் மானத்துக்காக இடுப்பில் வாள் கட்டினேன், இக்காலத்தின் மானமுள்ளவன் குஷால் கட்டக் நான்’ என்ற வரி அப்போதையது. நிலைமை முற்றி 1674இல் ஔரங்கசீப்பே ஹசன் அப்தால் என்ற ஊருக்கு வந்து ஓராண்டுக்கும் மேல் முகாமிட்டார். வாளால் ஆகாததைப் பொன் செய்தது. குலத்துக்கு ஒரு மானியம், தலைவனுக்கு ஒரு பட்டம். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

ஆள் சேர்க்க ஸ்வாத் பள்ளத்தாக்குக்குப் போனான். அங்கே இருந்தவர்கள் யூசுப்சாய்கள், அவன் அப்பாவைக் கொன்றவர்கள். முகலாயருக்காக அவனும் அவர்களை வெட்டியிருக்கிறான். யார் வருவார்கள்? வெறுங்கையோடு திரும்பி வந்து ‘ஸ்வாத்நாமா’ எழுதித் திட்டித் தீர்த்தான். ஊர் அழகு, ஆறு அழகு, பறவை அழகு, ஆட்கள் உருப்படமாட்டார்கள். ஸ்வாத்தில் இருப்பது இரண்டே பொருள் என்று அவன் வைத்த குட்டு பிரசித்தம்: தர்வேசாவின் ‘மக்சன்’, ஷேக் மாலியின் ‘தப்தர்’. முன்னது ஒரு முல்லாவின் மார்க்க நூல். பின்னது யூசுப்சாய்கள் தங்களுக்குள் நிலத்தை முறைவைத்து மாற்றி மாற்றிப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாட்டின் பதிவேடு. சொர்க்கமும் சொத்தும் தவிர அவர்களுக்கு வேறு நினைப்பில்லை என்கிறான். தோற்ற தலைவனின் எரிச்சல்தான். ஆனால் நிலத்தை எவனும் நிரந்தரமாக வளைத்துப் போடக்கூடாது என்று ஏற்பாடு செய்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. குஷால் மன்னிக்கட்டும்.

அரசியலில் தோற்றுக்கொண்டிருந்த அதே 1674இல் வல்லூறு வளர்ப்பைப் பற்றி ‘பாஸ்நாமா’ என்று ஒரு செய்யுள் நூல் எழுதினான். பிடிக்கும் முறை, பழக்கும் முறை, நோய்க்கு மருந்து. தலைமைப் பொறுப்பை மகனிடம் விட்டுவிட்டு மலைமலையாகத் திரிந்து, 1689இல் அப்ரீதிகளின் மண்ணில் இறந்தான். முகலாயக் குதிரைகளின் குளம்புத் தூசி படாத இடத்தில் என்னைப் புதையுங்கள் என்பது அவன் கடைசி விருப்பமாகச் சொல்லப்படுவது. அல்லாமா இக்பால் இதை உருதுக் கவிதையாகவே எழுதினார். ராவர்ட்டி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1862இல் பஷ்தோ கவிதைகளைப் பெயர்த்து வெளியிட்டிருக்காவிட்டால் இக்பாலுக்குக் குஷால் கிடைத்திருப்பானா என்பது சந்தேகம். எனக்கு நிச்சயம் கிடைத்திருக்கமாட்டான்.

அடுத்தவன் அகமது ஷா அப்தாலி. 1747இல் காந்தஹாரில் முடிசூடித் துரானிப் பேரரசைத் தொடங்கியவன், 1761 ஜனவரியில் பானிபட்டில் மராட்டியரை முறித்தவன். அவனுடைய பஷ்தோ திவானில், அதாவது கவிதைத் தொகுப்பில், ஆப்கானியக் குழந்தைகள் வரை அறிந்த ஓர் ஈரடி இருக்கிறது: ‘என் அழகிய பக்தூன்க்வாவின் மலைமுகடுகள் நினைவுக்கு வந்தால் தில்லி அரியணையை மறந்துவிடுகிறேன்.’ நல்ல வரி. மறுக்கவில்லை. ஆனால் அந்த அரியணையை மறந்த மனிதனின் படை 1757இல் தில்லியைச் சுரண்டியது, மதுராவிலும் பிருந்தாவனத்திலும் யாத்திரிகர்களை வெட்டியது. அந்தக் கோடையில் படைக்குள் வாந்திபேதி புகுந்த பிறகே ஊர் ஞாபகம் வந்தது. 1761 வெற்றிக்குப் பிறகும் வீரர்கள் சம்பளமும் வீடும் கேட்டார்கள். வெயில் ஏறுமுன் கிளம்பிவிட்டான். மலைமுகடுகளை நினைத்த நெஞ்சு பொய் சொல்லவில்லை, ஒட்டகங்களின் மேல் ஏற்றிப்போன மூட்டைகளும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஈரடி எனக்கு ருசிக்கிறது. அவன் அரசும் பாரசீகத்தில்தான் நடந்தது.

இதற்கு மாறாக, பஷ்தோவைப் போற்றிய ஓர் அரசவை இருந்ததாக ஒரே ஒரு நூல் சொல்கிறது. ‘பட்ட கஸானா’, அதாவது மறைந்த புதையல். காந்தஹாரை 1738 வரை ஆண்ட ஷா உசைன் ஹோத்தக்கின் ஆணைப்படி 1729இல் தொகுக்கப்பட்டதாம். எட்டாம் நூற்றாண்டில் அமீர் க்ரோர் என்ற தலைவன் பாடிய பாட்டு முதல் அதில் இருக்கிறது. அப்துல் ஹை ஹபீபி என்ற ஆப்கானிய அறிஞர் 1944இல் காபூலில் அதை வெளியிட்டார். அரசு பஷ்தோவை ஆட்சிமொழியாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த காலம். பஷ்தோவுக்கென்று அகாதமி நிறுவி ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. பழம்பெருமை தேவைப்பட்ட நேரத்தில் பழம்பெருமை கிடைத்தது. நூல் போலி என்று ஐரோப்பிய அறிஞர்கள் பலர் சொன்னார்கள். பஷ்தூன் விமர்சகர் கலந்தர் மொமந்தும் அதையே ஒரு புத்தகமாக எழுதினார். நான் போலி என்று சொல்பவர்கள் பக்கம். ஆனால் அதில் ஹோத்தகி ஆட்சியைத் தொடங்கிய மீர்வைஸின் தாய் நாசோ பாடியதாக ஒன்று வருகிறது. விடியலில் நர்கிஸ் மலரின் கண்ணில் பனி சொட்டுகிறது. ஏன் அழுகிறாய் என்று கேட்டால், என் வாழ்வு ஒரு சிரிப்பின் நேரம்தானே என்கிறது. நாசோ பாடவில்லை என்றால் பாடிய மகராசன் வேறு யாரோ. கவிஞன்தான்.

அரசர்களை விட்டுவிட்டு நடப்போம் என்றால், பஷ்தோவின் நிஜமான சொத்துக்குப் பெயரே இல்லாத ஆட்கள்தான் சொந்தக்காரர்கள். லண்டை என்கிற ஈரடிப் பாட்டு, முன்பு சொன்ன ஆறு இல்லை. பெஷாவர் பக்கத்தில் டப்பா என்பார்கள், நம் தகர டப்பாவோடு சம்பந்தமில்லை. முதல் அடியில் 9 அசை, இரண்டாம் அடியில் 13. நம் குறளில் நான்கு சீரில் விரிந்து மூன்று சீரில் வந்து முடிச்சுப் போடுகிறோமே, இது தலைகீழ்: சுருக்கென்று தொடங்கி நீண்டு போகும். பாடுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ரபாப் என்ற நரம்புக் கருவி ஒரு பக்கம், மண்குடத்தில் தாளம் மறுபக்கம். கடம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் தாளம் அந்நியமாக இருக்காது. 1880 ஜூலையில் மைவந்தில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த படைக்குத் தலைவன் அயூப் கான் என்ற இளவரசன். ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் மலாலை. பின்வாங்கியவர்களைப் பார்த்து அந்தப் பெண் பாடியதாகச் சொல்லப்படும் லண்டை: ‘மைவந்தில் நீ சாகாவிட்டால், அன்பே, கடவுள்மேல் ஆணை, அவமானத்துக்காகத்தான் உன்னை யாரோ மிச்சம் வைத்திருக்கிறார்கள்.’ மகன் முதுகில் புண்பட்டிருந்தால் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்ற புறநானூற்றுக் கிழவி இவளைக் கண்டால் பக்கத்தில் உட்காரச் சொல்வாள்.

பாகிஸ்தானில் அகமது ஷாவின் பேரால் ‘அப்தாலி’ என்று ஓர் ஏவுகணை இருக்கிறது. கராச்சிக்கும் பெஷாவருக்கும் இடையில் ஓடுவதற்கு இரண்டு கவிஞர்களின் பேரிலும் ரயில் விட்டார்கள்: குஷால் கான் கட்டக் எக்ஸ்பிரஸ், ரஹ்மான் பாபா எக்ஸ்பிரஸ். குஷாலைத் தளபதிகளோடு சேர்க்காமல் ரயில் பக்கம் சேர்த்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர்.

பிள்ளை வளர்ப்பை மனதில் வைத்திருக்கச் சொல்லியிருந்தேன், குஷாலின் பிள்ளைகள் கதை இதுதான். பிள்ளைகள் ஏராளம், அவர்களில் பலர் கவிஞர்கள். பஹ்ராம் என்ற மகன் முகலாயரோடு சேர்ந்துகொண்டு அப்பாவையே வேட்டையாடினான். குஷால் அவனைச் சபித்தே கவிதை எழுதினான். தலைமையை ஏற்ற மூத்தவன் அஷ்ரப் கானைப் பஹ்ராம்தான் 1680களின் தொடக்கத்தில் முகலாயரிடம் பிடித்துக் கொடுத்தான். அஷ்ரபை இந்தத் தக்காணத்துக்கு, பீஜப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாவாவது வீடு திரும்பினார். இவன் திரும்பவில்லை, 1690களில் அங்கேயே இறந்தான். அவன் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘ஹிஜ்ரி’. பிரிந்தவன் என்று பொருள். தக்காணத்திலிருந்து அகோரா எவ்வளவு தூரம் என்று அவன் கவிதைகள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

அஷ்ரபின் மகன் அப்சல் கான் பிறகு தலைவனானான். தாத்தாவின் குறிப்புகளைப் பொறுக்கி, ‘தாரீக்-ஏ-முரஸ்ஸா’ என்ற வரலாற்று நூலுக்குள் சேர்த்து வைத்தவன் அவன்தான். குஷாலின் வாழ்க்கை நமக்கு இவ்வளவு தெரிகிறதென்றால் அந்தப் பேரனால்தான். அதே அப்சல் தன் சித்தப்பன் அப்துல் காதிரைக் கொல்ல உத்தரவிட்டான் என்றும், கூடவே சித்தப்பன்மார் பலரையும் ஒரே நாளில் கொன்றார்கள் என்றும் ராவர்ட்டி எழுதுகிறார். குஷாலுக்குப் பிறகு அந்த வீட்டில் நல்ல கவிஞன் அப்துல் காதிர்தான் என்பது என் கட்சி. அவன் பாரசீகத்திலிருந்து பஷ்தோவுக்குக் கொண்டுவந்த பெரிய நூல் யூசுப்பும் ஜுலைகாவும். அண்ணன்மார் சேர்ந்து கிணற்றில் தள்ளிவிட்ட பையனின் கதை.